நாற்பத்தொன்பதாவது அறை

தம்பியின் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் பெட்டி, வெளியே பார்த்தால் ஒரு பழைய வீடியோ கேசட் பிளேயர். உள்ளே கேசட் சம்பந்தமான எதுவும் கிடையாது. காப்பீட்டு அலுவலகம் ஒன்று கழித்துப்போட்ட மதர்போர்டு, உடைந்த இரண்டு மடிக்கணினிகளிலிருந்து எடுத்த நினைவகத் துண்டுகள், கண்காணிப்புக் கேமராப் பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க், மீன்தொட்டிக் கடைக்காரர் சும்மா கொடுத்த ஃபேன் ஆகியவற்றைச் சேர்த்து அவன் கட்டிய கணினி அது. படம், பாட்டு, பழைய கணினி விளையாட்டுகள் எல்லாம் அந்த வீட்டில் அதிலிருந்துதான் ஓடும்.

அவன் பிரிண்டர் பழுது பார்ப்பவன். ஒரு நாளைக்கு நாலு அலுவலகம் ஏறி இறங்குவான். திரும்பும்போது பை போனதைவிடக் கனமாக இருக்கும். "நீங்க வேலைக்குப் போறீங்களா, பொறுக்கப் போறீங்களா?" என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி கேட்பாள். அவன் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் மேசையில் வைப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்திருந்தாள். அவளுக்கு லிஃப்ட் பரிசோதகர் வேலை. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டின் மோட்டார் அறையில் ஏறி, கயிறு, பிரேக், கதவுப்பூட்டு எல்லாவற்றையும் பார்த்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். வழக்கமாக வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் போய்த் தம்பி மனைவியோடு பேச்சைத் தொடங்குபவள், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னாள். இரண்டு வாரம் முன்பு ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் பிரேக்கில் பிடித்து நிறுத்தும் பட்டையான லைனிங் வெடித்திருந்தது. குறுக்கே, நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. போன் கீழே பையில் இருந்ததால் படம் எடுக்கவில்லை. அறிக்கையில் எழுதினாள். நாலு நாள் கழித்து வேறொரு பரிசோதகர் போய்ப் பார்த்தபோது லைனிங் முழுசாக இருந்தது. நாங்கள் எதையும் மாற்றவில்லை, ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறது என்கிறது பராமரிப்பு நிறுவனம்.

"மேலதிகாரி கூப்பிட்டு, வெளிச்சம் கம்மி, எண்ணெய்க் கறையப் பாத்து வெடிப்புன்னு நெனச்சிருப்பீங்கன்னு சொல்றார். திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள ஒண்ணு, தவறுதலா எழுதிட்டேன்னு வாபஸ் வாங்கணும். இல்ல, மறுபடி கையெழுத்துப் போடணும். போட்டா லிஃப்ட நிறுத்தி விசாரணை வைப்பாங்க. அதுல நான் பாத்தது இல்லன்னு ஆச்சுன்னா, அதுக்கப்புறம் நான் எழுதற எந்த அறிக்கையையும் யாரு நம்புவாங்க?"

"நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

தம்பி கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னான்: "நீல ரூம பாத்த மாதிரியா?"

அது அந்தக் குடும்பத்தில் முப்பது வருடப் பழைய கிண்டல். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, வீட்டிலிருந்த கணினியில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். விளக்கு ஏந்திய சுரங்கத் தொழிலாளி ஒருவன் அறை அறையாக இறங்கிப் போவான். மொத்தம் நாற்பத்தெட்டு அறை. ஒருநாள் அக்கா, யாரும் பார்க்காத ஓர் அறைக்குள் போனதாகச் சொன்னாள். செங்கல் சுவரே இல்லாமல் வரிசை வரிசையாக நீல விளக்குகள் எரிந்தன என்றாள். மறுபடி காட்டச் சொன்னபோது காட்ட முடியவில்லை. ஒரு மாதம் முயன்று பார்த்தாள், வரவேயில்லை. அன்றிலிருந்து அவள் பேருந்து தாமதம் என்று சொன்னாலும், கடையில் கூட்டம் என்று சொன்னாலும், யாராவது ஒருவர் "நீல ரூமா?" என்று கேட்பார்கள். அவளும் சிரிப்பாள்.

இந்த முறை சிரிக்கவில்லை.

"அதத்தாண்டா நானும் நெனச்சிட்டிருக்கேன்," என்றாள். "பன்னெண்டு வயசுல இல்லாத ரூம பாத்தவ, இப்ப இல்லாத வெடிப்ப பாத்திருக்கலாம் இல்ல? எனக்கே தெரியல."

சாப்பிடச் சொன்னதற்குப் பசியில்லை என்று எழுந்து போய்விட்டாள். கதவு சாத்தியதும் மனைவி தம்பியைப் பார்த்தாள்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களால?"

"வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"அண்ணிக்கு அது வெளையாட்டா இருந்துச்சா, மூஞ்சியப் பாத்தீங்களா?"

சனிக்கிழமை காலை அவன் அக்காவுக்குப் போன் செய்தான். மன்னிப்புக் கேட்பது அவனுக்கு வராது. "அந்த ரூம இன்னொரு தடவ சொல்லு," என்றான். "கதையா சொல்லாத. லிஃப்ட எழுதுவ இல்ல, அந்த மாதிரி சொல்லு."

"எதுக்குடா?"

"சொல்லேன்."

அவள் குரல் மாறியது. அலுவலகத்தில் பேசும் குரல்.

"விளக்கு நீலம். கைப்பிடி வெள்ளை, இடப்பக்கமா வளைஞ்சிருக்கும். வரிசை வரிசையா படுக்கையா இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால உடைஞ்ச கல்லு, எலும்பு, ஏணித்துண்டுன்னு கலந்தடிச்சு இருக்கும். அதுக்கப்புறம் விளக்கு. மேல இருந்து முதல் வரிசையில நெறைய விளக்கு. ரெண்டாவதுல இன்னும் நெறைய. மூணாவதுல மட்டும் மூணோ நாலோதான். அது ஏன் அவ்ளோ கம்மின்னு அப்பவே நெனச்சேன். எதிரி யாரும் இல்ல. வெளிய போக வழி இல்ல. சுவிட்ச அணைச்சுட்டேன்."

அவன் ஓர் அட்டைப்பெட்டியின் முதுகில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

கேசட் பிளேயர் பெட்டியில் அந்தச் சுரங்க விளையாட்டும் இருந்தது. இப்போது யாரும் பழைய கணினியில் அதை ஆடுவதில்லை. பழைய கணினியைப்போல நடிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு, அதற்குள் ஓட விடுவார்கள். அவனே பல வருடம் முன்பு நாற்பத்தெட்டு அறையையும் நடந்து பார்த்தவன்தான். இந்த விளையாட்டின் ரசிகர்கள் கூடும் இணையக் குழுவில் நீல அறையைப் பற்றிக் கேட்டும் இருக்கிறான். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று ஒருவர் வரைபடத்தோடு பதில் போட்டார். அதை அச்செடுத்து அக்காவின் பிறந்தநாளுக்கு உறையில் போட்டுக் கொடுத்ததை நினைத்துக்கொண்டு கொஞ்சம் கூச்சப்பட்டான்.

இந்த முறை அறைகளில் தேடவில்லை. படங்களில் தேடினான். செங்கல், ஏணி, எலும்பு, நெருப்பு என்று சின்னச் சின்னச் சதுரப் படங்கள் இருநூறு சொச்சம், விளையாட்டுக்குள் எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். எந்த அறையும் அந்தச் சதுரங்களைச் சேர்த்து ஒட்டியதுதான். ஒவ்வொன்றாகத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவன், முப்பத்திரண்டாம் எண்ணில் நின்றான்.

நீல விளக்கு. வெள்ளைக் கைப்பிடி. இடப்பக்கமாக வளைந்திருந்தது.

நாற்பத்தெட்டு அறைகளில் எதில் அந்தப் படம் வருகிறது என்று எண்ணச் சொன்னான். கணினி சொன்ன பதில்: எதிலும் இல்லை. வரைந்தவர் எதற்கோ வரைந்து, பயன்படுத்தாமலே விட்டிருக்கிறார்.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். எந்த அறையிலும் இல்லாத ஒரு விளக்கின் கைப்பிடி எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்பது பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

"கெடச்சிருச்சா?" என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

"விளக்கு கெடச்சிருச்சு. ரூம் கெடைக்கல."

"அண்ணிய கூப்பிட்டுச் சொல்லுங்க."

"பாதி சொல்லி என்ன பிரயோஜனம்? முழுசா தெரியட்டும்."

முழுசாகத் தெரிய வேண்டுமானால் உண்மையான பழைய கணினியில்தான் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. நடிப்பது எவ்வளவு நன்றாக நடித்தாலும் நடிப்புத்தான். பரணில் அதற்கான உறுப்புகள் நாலு வருடமாகக் கிடந்தன. கடைசல் பட்டறை ஒன்றின் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த பழைய மதர்போர்டு. இன்னும் உலோக எண்ணெய் வாடை போகவில்லை. போட்டோ ஸ்டூடியோவிலிருந்து வந்த பிளாப்பி டிரைவ். பயணச்சீட்டு அலுவலகத்தின் கனத்த மானிட்டர். இருபது வருடம் ஒரே இருக்கைப் படத்தைக் காட்டிக் காட்டி, அணைத்த பிறகும் அந்தக் கட்டங்கள் கண்ணாடியில் லேசாகத் தெரியும்.

மனைவி மருந்துக்கடையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சுக் குச்சியும் கொண்டுவந்தாள். அவன் டிரைவின் உள்ளே பிளாப்பியைப் படிக்கும் தலையைத் துடைத்தான். மதர்போர்டின் பாட்டரி கசிந்து பக்கத்துக் கம்பிகளை அரித்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, அறுந்த இரண்டு இடத்தில் முடி போன்ற ஒயரை வைத்துப் பற்றவைத்தான். முதல் தடவை போட்டபோது ஒரு நீண்ட பீப். நினைவகத் துண்டுகளை இடம் மாற்றினான். இரண்டு குட்டி பீப். மூன்றாவது முறை திரையில் பச்சை எழுத்து வந்து, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டது.

"பாவம், பாட்டரி இல்லாம அதுக்கு நாளே தெரியல," என்றாள் மனைவி.

"ஒவ்வொரு தடவையும் நாமதான் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை வரவழைத்தார்கள். முதலில் முப்பத்திரண்டாம் படத்தைக் காட்டினான். அவள் குனிந்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதான்," என்றாள். பிறகு, "ஆனா இது விளக்குதான். ரூம் இல்லையே," என்றாள்.

"அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். அந்த ரூம் வர்றதுக்கு முந்தின நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்த?"

"இருபத்தி நாலாவது ரூம் முடிஞ்சு கதவத் தொறந்தேன். ரெண்டாவது பிளாப்பி போடச் சொல்லி வந்துச்சு. போட்டேன்."

தம்பி கையிலிருந்த பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்தான். அந்த விளையாட்டு இரண்டு பிளாப்பிகளில் வந்தது என்பதையே அவன் மறந்துவிட்டிருந்தான். இப்போது இணையத்தில் கிடைக்கும் பிரதியில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் ஒன்றாக ஒட்டி, பிளாப்பி மாற்றும் தொல்லையே இல்லாமல் ஆக்கியிருந்தார். இணையத்தில் தேடியவர்கள் எல்லோரும் அந்தத் தொல்லை இல்லாத இடத்தில்தான் தேடியிருக்கிறார்கள்.

"சரியான பிளாப்பிதான் போட்டியா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கீபோர்ட விட்டு எழுந்திருக்க மாட்டேன். நீதானே எடுத்துக் குடுப்ப."

"நானா?"

"பின்ன யாரு? உனக்கு ஏழு வயசு. பிளாப்பி எடுத்துக் குடுக்கறதும், அம்மா வர்றாங்களான்னு வாசல்ல போய்ப் பாக்கறதும் உன் வேலை. குடுத்துட்டு வாசலுக்கு ஓடிட்ட. அதான் நீ அந்த ரூம பாக்கல."

"நான் சரியாதான் குடுத்திருப்பேன்."

"முந்தாநாள் துணி சோப்பு கேட்டதுக்குப் பாத்திரம் கழுவற சோப்பு வாங்கிட்டு வந்தவர்," என்றாள் மனைவி, யாரிடமும் சொல்லாதவள்போல.

அவன் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினான். எதையும் தூக்கிப்போடாதவன் என்பதால் அம்மாவின் பழைய பிளாப்பிகள் இருந்த செருப்புப் பெட்டி அங்கேயே இருந்தது. அம்மா அப்போது வீட்டிலேயே கணினி வைத்து, கேட்பவர்களுக்குக் கடிதம், படிவம், கட்டுரை எல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பார். அந்தப் பிளாப்பிகளுக்கு ஒன்றிலிருந்து பதினான்கு வரை பேனாவால் எண் போட்டு வைத்திருந்தார். விளையாட்டின் இரண்டு பிளாப்பிகளும் அதே பெட்டியில்தான் இருந்தன. கணினியைக் கொண்டுவந்து மாட்டிய ஆள், அம்மாவின் காலிப் பிளாப்பிகளிலேயே விளையாட்டை நகலெடுத்து, பென்சிலால் 1 என்றும் 2 என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

தம்பி இரண்டு பிளாப்பிகளை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒரே கறுப்பு. ஒரே வெள்ளைச் சீட்டு. ஒன்றில் பேனாவால் 2. இன்னொன்றில் பென்சிலால் 2.

மூன்று பேரும் குனிந்து அவற்றைப் பார்த்தார்கள்.

"ஏழு வயசுல பேனா என்ன, பென்சில் என்னன்னு யாருடா பாப்பா?" என்றாள் அக்கா.

"இரு. இன்னும் நிச்சயமில்ல."

பென்சில் 1 என்ற பிளாப்பியைப் போட்டான். டிரைவ் அரிசி புடைப்பதுபோல் சத்தம் போட்டது. ஒருமுறை படிக்க மறுத்தது. வெளியே எடுத்துத் தலையை மறுபடி துடைத்துப் போட்டான். சுரங்கக்காரன் விளக்கோடு வந்து நின்றான். கீபோர்டை அக்காவின் பக்கம் நகர்த்தினான்.

அவள் ஆடிப் பல வருடமாயிற்று. முதல் அறையிலேயே குழியில் விழுந்தாள். நாலு முறை செத்தாள். "லிஃப்ட் இன்ஸ்பெக்டர் குழிக்குள்ள விழலாமா?" என்றான் தம்பி. "வாய மூடு," என்றாள். ஐந்தாவது முறை விரல்களுக்கு வழி ஞாபகம் வந்துவிட்டது. பத்தாவது அறைக்குப் பிறகு அவள் யோசிக்கக்கூட இல்லை. இருபத்து நாலாவது அறையின் கதவைத் திறந்தபோது மத்தியானம் ஒரு மணி இருக்கும். திரை இருண்டு, இரண்டாவது பிளாப்பியைப் போடச் சொல்லி எழுத்து வந்தது.

அக்கா கையை நீட்டினாள், திரும்பிப் பார்க்காமலே. தம்பி பேனா 2 என்ற பிளாப்பியை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.

டிரைவ் கரகரத்தது. மேலிருந்து கீழே, ஒரு வரிசையாக, பிறகு இன்னொரு வரிசையாகப் படம் விழுந்தது. உடைந்த கல், எலும்பு, ஏணித்துண்டு. அதற்கப்புறம் நீல விளக்குகள். முதல் வரிசையில் நிறைய. இரண்டாவதில் இன்னும் நிறைய.

தம்பி அட்டைப்பெட்டியை எடுத்துத் தான் எழுதியதைப் பார்த்தான். பிறகு திரையில் மூன்றாவது வரிசையில் விரலை வைத்து எண்ணினான். நாலு விளக்கு.

மனைவி அக்காவின் தோளில் கையை வைத்து, "அண்ணி," என்றாள். அவ்வளவுதான்.

பிறகு தம்பி பிளாப்பியை எடுத்து, அதில் இருப்பதை எழுத்தாகவே திரையில் கொண்டுவந்தான். பல் மருத்துவமனை ஒன்றுக்காக அம்மா தட்டச்சு செய்த படிவம். நோயாளி பெயர், அதற்குப் பின் காலி இடம். முகவரி, அதற்குப் பின் நீண்ட காலி இடம். வயது. எந்தப் பல்லில் வலி. விளையாட்டு இரண்டாவது பிளாப்பியில் பெயர் பார்த்து எதையும் தேடவில்லை. பிளாப்பியில் தகவல் வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கும்; இத்தனையாவது வட்டத்தில் இருப்பதை எடு என்று எண்ணி எடுத்தது. எழுத்துகளுக்கும் கணினியில் எண்தான். அந்த எண்களையே படங்களின் எண்ணாக எடுத்துக்கொண்டு கல்லும் எலும்புமாக அடுக்கிவிட்டது. காலி இடத்துக்கு எண் முப்பத்திரண்டு. அம்மா விட்டுவைத்த ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஒரு நீல விளக்கு எரிந்திருக்கிறது.

"வயசு எழுத எவ்ளோ எடம் வேணும்?" என்றான் தம்பி. "அதான் நாலு."

அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். "இந்த ரூம் விளையாட்டுல கெடையாது."

"கெடையாது. நம்ம வீட்டுல மட்டும்தான் இருந்துச்சு. அதுவும் நான் தப்பாக் குடுத்ததாலதான்." கொஞ்சம் தயங்கினான். "முப்பது வருஷமா நானேதான் உன்னக் கிண்டல் பண்ணிட்டிருந்தேன்."

"உறையில போட்டுக் குடுத்தியே, அந்த வரைபடம். அது இன்னும் என்கிட்ட இருக்கு."

"கிழிச்சுப் போட்டுரு."

"எதுக்கு? அதுவும் சரிதானே. அத வரைஞ்சவர் பாத்தவரைக்கும் நாப்பத்தெட்டுதான்." சொல்லிவிட்டு அவள் நின்றாள். அட்டைப்பெட்டியை வாங்கி, தன் வாயால் சொன்னதைத் தம்பியின் கோணல் கையெழுத்தில் படித்தாள். படித்துவிட்டு, பேனா 2, பென்சில் 2 இரண்டையும் மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அவரும் சரியாத்தான் பாத்திருக்கோம்," என்றாள் மெதுவாக. "நடுவுல பிளாப்பி மாறியிருக்கு. நான் என்னடான்னா இத்தன நாளா என் கண்ணையே சந்தேகப்பட்டுட்டிருக்கேன். நடுவுல என்ன மாறிச்சுன்னு கேக்கவே இல்ல."

"லிஃப்டையா சொல்ற?"

"நான் பாத்ததுக்கும் அடுத்தவர் பாத்ததுக்கும் நடுவுல நாலு நாள் இருக்கு. மோட்டார் ரூம் சாவி காவலாளிகிட்ட இருக்கும். யாரு வாங்கினாலும் நோட்டுல எழுதி வாங்கணும். அந்த நாலு நாள்ல அந்த நோட்டுல யாரு பேரு இருக்கு?"

தம்பிக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை சோபாவில் உட்கார்ந்திருந்தபோது இருந்த முகம் இப்போது இல்லை. லிஃப்ட் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது வருமே, அந்த முகம்.

"பசிக்குது," என்றாள். மனைவி சமையலறைக்குள் போனாள்.

சாப்பிட்டு முடித்ததும் மேசையில் கணினி இருந்த இடம் போக மீதி ஓரத்தில் அக்கா தன் அறிக்கையின் பிரதியை விரித்தாள். வெடிப்பு எந்தப் பக்கத் தகட்டில், மேலிருந்து எத்தனை விரல், எவ்வளவு நீளம் என்று முன்பு ஒரே வரியில் எழுதியிருந்ததை இப்போது ஆறு வரியாக எழுதினாள். கடைசியில், மோட்டார் அறைச் சாவிப் பதிவேட்டைப் பார்வையிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். வாபஸ் என்ற சொல் எங்கேயும் இல்லை. மேலதிகாரியின் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், அடியில் அதற்கான இடத்தைக் காலியாக விட்டாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். "நாலு விளக்கு போதுமா?"

"என் கையெழுத்து பெருசு," என்றாள் அக்கா. "பத்து விளக்காவது வேணும்."